தண்ணீர் நாணயத்துக்கு ஒரு காலி இடம்

நாணயக் கடையில் வேலை பார்க்க நாணயத்தைப் பற்றித் தெரிந்திருந்தால் மட்டும் போதாது; ஒவ்வொரு மனிதரும் எதை ‘எல்லாம்’ என்று சொல்கிறார் என்பதும் தெரிந்திருக்க வேண்டும், கஷ்டம் அங்கேதான்.

எங்கள் கடை தாம்பரம் மேற்கில், ஒரு மருந்துக் கடையின் மாடியில் இருக்கிறது. முதலாளி ஜெயசீலன் சார். நான் எம்.ஏ. வரலாறு இரண்டாம் ஆண்டு. வகுப்பு முடிந்த பிறகும் சனிக்கிழமைகளிலும் அங்கே வேலை, சேர்ந்து இரண்டு வருடமாகிறது. விழாவுக்கோ இயக்கத்துக்கோ நிறுவனத்துக்கோ அரசாங்கம் படம் போட்டு வெளியிடுகிறதே நினைவு நாணயம், அதைச் சேர்ப்பவர்கள் ஆல்பத்தோடு வருவார்கள். பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்து ‘முழுமை’ அல்லது ‘குறை’ என்று சீட்டு எழுதி ஒட்ட வேண்டியது என் பொறுப்பு. கேட்க எளிதாக இருக்கும். ஆனால் முழுமை என்றால் என்ன என்று ஒருவரும் இன்றுவரை ஒத்துக்கொண்டதில்லை. வாதாடுவது எனக்குச் சாப்பாடு மாதிரி என்பதால் நானும் சும்மா இருந்ததில்லை.

தீப்பெட்டி அட்டையோ, தபால்தலையோ, கிரிக்கெட் வீரர் படமோ சேர்த்து, கடைசி ஒன்று மட்டும் கிடைக்காமல் சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தவர்களே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். மற்றவர்களுக்குப் புரியாது. என் அம்மாவுக்கே புரியவில்லை.

பிரிக்காத பெட்டி

மேடவாக்கம் அபார்ட்மென்ட் ஒன்றிலிருந்து ஒருவர் காரில் வந்தார். கையில் பெரிய அட்டைப்பெட்டி. அரசு நாணயச்சாலைகள் சேகரிப்பவர்களுக்கென்றே சில நாணயங்களை வெல்வெட் பெட்டியில் வைத்து விற்கும். நூறு ரூபாய், நூற்றைம்பது ரூபாய் என்றெல்லாம் இருக்கும். எந்த மளிகைக் கடையிலும் யாரும் அதை நீட்டியதில்லை. இவர் அவை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் இணையத்தில் வாங்கிவிட்டாராம். சீட்டு எழுத வேண்டும், முழுமை என்று. நான் கத்தரிக்கோலை எடுத்தேன். அவர் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டார்.

“பார்க்காம எப்படி சார் எழுதறது?” என்றேன். “பிரிச்சா வேல்யூ போயிடும்மா” என்றார். “அப்போ உள்ளே என்ன இருக்குன்னு நீங்களே பார்த்ததில்லையா?” அவர் ஜெயசீலன் சாரைப் பார்த்தார். ஜெயசீலன் சார் என்னைப் பார்த்தார். பில் இருக்கிறது, முத்திரை உடையவில்லை, பட்டியலோடு பொருந்துகிறது, ஆகவே முழுமை. சீட்டை அவரே எழுதினார். ஒரு நாணயத்தைக்கூடக் கண்ணால் காணாத சேகரிப்பாளர் படியிறங்கும்போது, என் மேல் இரக்கப்பட்டவர்போலத் திரும்பிச் சொன்னார்: “பாப்பா, கோயில்ல மூலவரைத் தொட்டுப் பார்த்துட்டா கும்பிடறோம்?”

நான்கு ஊர், ஒரே முகம்

நாணயத்தில் வருடத்துக்குக் கீழே மிகச் சிறிய குறி ஒன்று இருக்கும். டைமண்ட் என்றால் மும்பை, நட்சத்திரம் என்றால் ஹைதராபாத், புள்ளி என்றால் நொய்டா, ஒன்றுமே இல்லையென்றால் கொல்கத்தா. அஸ்தினாபுரத்திலிருந்து வரும் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியாருக்கு ஒவ்வொரு நாணயமும் அது அடிக்கப்பட்ட ஒவ்வொரு ஊரிலிருந்தும் வேண்டும். அதில் ஒன்று குறைந்தாலும் முழுமை இல்லை. கடையிலேயே மணிக்கணக்காக லென்ஸை வைத்துக்கொண்டு நட்சத்திரம் தேடுவார். சில நட்சத்திரங்கள் தேய்ந்து புள்ளியாகியிருக்கும். அன்று அவருக்கு உலகமே இருண்டுவிடும்.

ஒருநாள் அவர் மனைவியும் கூட வந்திருந்தார். பக்கத்து ஸ்டூலில் ஒன்றரை மணி நேரம் பொறுமையாக உட்கார்ந்திருந்தார். நான் மரியாதைக்கு, “சாரோட தொகுப்பு ரொம்பப் பெரிசும்மா” என்றேன். அந்த அம்மா ஆல்பத்தின் ஒரு பக்கத்தைப் புரட்டி, வரிசையாக இருந்த நான்கு ஒரே மாதிரி நாணயங்களைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “நாலு பசங்களப் பெத்தவங்க நாலு பேர எண்ணுவாங்க, இவர் ஒரே பையன நாலு தடவ எண்ணுறாரும்மா.”

காலண்டர் அட்டைகள்

இந்த இரண்டு முழுமைகளும் எனக்குப் பிடிக்கவில்லை. கடைக்காரர் கையில் பணத்தைக் கொடுத்தால் முழுமை வந்துவிடும் என்றால் அதற்கு எதற்கு சேகரிப்பு என்று பெயர்? இப்படி நான் பொருமிக்கொண்டிருந்த ஒரு சனிக்கிழமை மத்தியானம், நாற்பத்தைந்து வயதிருக்கும் ஒரு பெண் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். எங்கள் கடையில் யாரும் செருப்பைக் கழற்றுவதில்லை. பெயர் எஸ்தர், வீடு பள்ளிக்கரணை. ஜவுளிக்கடைப் பையிலிருந்து அவர் எடுத்து வைத்தவை தாள் தீர்ந்துபோன தினசரி காலண்டர்களின் அட்டைகள். ஒவ்வொன்றிலும் இரண்டு ரூபாய் நாணயத்தின் அளவுக்குப் பிளேடால் வரிசையாகத் துளைகள் வெட்டி, நாணயங்களைப் பதித்து, பின்னால் டேப் ஒட்டியிருந்தார். ஆசிய விளையாட்டு, சிறு குடும்பம், உச்ச நீதிமன்றம், ரயில்வே. எல்லாம் இரண்டு ரூபாய் நினைவு நாணயங்கள். ஒவ்வொன்றின் கீழும் பால்பாயின்ட் பேனாவால் ஒரு வரி. தேதி இல்லை. “பேய் மழை அன்னிக்கு.” “கல்யாண கோஷ்டி, பட்டுப்புடவை.” “அழுதுகினே வந்த பொண்ணு.”

“எங்க வாங்கினீங்க அக்கா?” என்று கேட்டேன். “வாங்கல. வந்துச்சு” என்றார். தாம்பரம் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் இருக்கும் கட்டணக் கழிப்பிடத்தில், வாசலில் மேசை போட்டுக் காசு வாங்குபவர் அவர். பத்தொன்பது வருடமாக. சேர்ந்தபோது கட்டணம் இரண்டு ரூபாய். அவசரத்தில் வருகிறவர்கள் எதைக் கொடுக்கிறோம் என்று பார்க்காமல் கொடுத்துவிட்டு ஓடுவார்கள். படம் போட்ட காசு வந்தால் தன் சுருக்குப்பையிலிருந்து சாதாரண இரண்டு ரூபாயைப் பெட்டியில் போட்டுவிட்டு இதை எடுத்துக்கொள்வார். அந்த மேசையில், அவர் கையில் வந்து விழுந்ததுதான் கணக்கு. மளிகைக் கடை சில்லறையில் வந்தால்? “அத செலவு பண்ணிடுவேன்.”

பட்டியலை எடுத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். தலைப்புக்கு ஒன்று என்று வைத்தால் எல்லாம் இருந்தது, ஒன்றைத் தவிர. உலக உணவு நாளுக்காக ஒருமுறை தண்ணீரின் பெயரால் அடித்த நாணயம். அதற்கான துளையை அவர் முன்பே வெட்டி வைத்திருந்தார், இரண்டாவது அட்டையில், கடைசியாக. எங்கள் பகுதி சேகரிப்பாளர் கழகம் வருடா வருடம் கண்காட்சி நடத்தி முழுமைச் சான்றிதழ் கொடுப்பதை யாரோ சொல்லியிருக்கிறார்கள். அது அவருக்கு வேண்டும். “பத்தொம்பது வருசமா அங்க குந்திகினு இன்னா பண்ணேன்னு யாராச்சும் கேட்டா, காட்ட ஒண்ணு வாணாமா?” என்றார். பிறகு அந்தக் காலித் துளைக்குள் சுண்டுவிரலை விட்டுச் சிரித்தார்: “கக்கூஸ் வாசல்ல குந்திகினு தண்ணிக் காசுக்குக் காத்துகினு கீறேன், அது மட்டும் வர மாட்டேங்குது பாரு!”

பல்பொடி

கழகச் செயலாளர் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. வெள்ளிக்கிழமைகளில் எங்கள் கடைக்கு டீ குடிக்க வருவார். எஸ்தர் அக்கா விட்டுப்போன ஓர் அட்டையை அவரிடம் காட்டினேன். லென்ஸ் வைத்துப் பார்த்தவர், “கழுவியிருக்காங்க” என்றார். ஒரு டாக்டர் மோசமான செய்தி சொல்லும் குரல். எங்கள் தொழிலின் முதல் கட்டளை இது. நாணயத்தைக் கழுவாதே, தேய்க்காதே. காலம் அதன் மேல் பூசிய நிறம்தான் அதன் உயிர். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் ஜெயசீலன் சார் எனக்குச் சொல்லிக்கொடுத்த பாடமும் அதுதான். எஸ்தர் அக்காவின் நாணயங்களோ பீங்கான் தட்டு மாதிரி வெளுத்திருந்தன. கையில் கிடைத்த அன்றே மக்கில் போட்டு, பல்பொடி வைத்துத் தேய்த்து, துண்டில் துடைத்த பிறகுதான் அவர் வீட்டுக்கு எடுத்துப்போவார்.

“தேய்க்காம என்ன சார் பண்ணுவாங்க? அது எங்கேயிருந்து வந்த காசுன்னு தெரியுமில்ல?” என்றேன். எங்கிருந்து என்பதையும் சொன்னேன். செயலாளரின் விரல்கள் அட்டையிலிருந்து தாமாக விலகின. கைக்குட்டையை எடுத்து ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். எனக்கு வந்த கோபத்தை என்னவென்று சொல்ல! மனிதர் கை படாத நாணயம் நாணயமா, ஊர் முழுக்கப் புழங்கிய காசை அசுத்தம் என்று சொல்ல உங்களுக்கு என்ன உரிமை, பெட்டியைத் திறக்காதவருக்கு முழுமை, பத்தொன்பது வருடம் கையேந்தி வாங்கியவருக்குத் தகுதியிழப்பா என்று ஒரு மணி நேரம் பொரிந்து தள்ளினேன். கடைசியில், என் வாதத்தை ஏற்றாரோ, வீட்டுக்குப் போய்க் கை கழுவ அவசரப்பட்டாரோ, புதிதாக ஒரு பிரிவுக்கு ஒப்புக்கொண்டார். காசு கொடுத்து வாங்காமல், புழக்கத்தில் கைக்கு வந்து சேர்ந்தவை. கழுவியிருந்தாலும் பரவாயில்லை. ஆனால் ஓர் இடம்கூடக் காலியாக இருக்கக் கூடாது. அவர் போனதும் நான் வெற்றிக் களிப்போடு திரும்பினேன். ஜெயசீலன் சார் டீ டம்ளர்களை எடுத்து வைத்துக்கொண்டே கேட்டார்: “ஜெயிச்சிட்ட அகிலா, சரி, தண்ணிக் காசுக்கு இப்ப எங்கம்மா போவ?”

மேசை மேல் ஒரு பெட்டி

இரண்டு ரூபாய் வரவு ஏற்கெனவே குறைந்துபோயிருந்தது. கட்டணம் ஐந்து ரூபாய் ஆனபிறகு எல்லோரும் ஒற்றை ஐந்து ரூபாயாகவே கொடுத்தார்கள். இரண்டு ரூபாய் இரண்டும் ஒரு ரூபாய் ஒன்றுமாகச் சேர்த்துக் கொடுப்பவர் அபூர்வம். கண்காட்சிக்கு இரண்டு மாதம் இருக்கும்போது கழிப்பிடத்தை நடத்தும் ஒப்பந்தக்காரர் எஸ்தர் அக்காவின் தலைக்கு மேல் ஒரு க்யூ.ஆர். பலகையை மாட்டினார். நான் அதைச் சாலையின் எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தேன். கறுப்பும் வெள்ளையுமாக, தூரத்திலிருந்து குறுக்கெழுத்துப் புதிர் மாதிரி தெரிந்தது.

அடுத்த சனிக்கிழமை எஸ்தர் அக்கா கடைக்கு வந்தார். எப்போதும் கண்ணாடி மேசையில் சாய்ந்துகொண்டு ஊர்க்கதை பேசுபவர் அன்று ஸ்டூலில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். வருகிறவர்கள் போனை நீட்டிவிட்டு உள்ளே போய்விடுகிறார்களாம். மேசை மேல் வைத்த சின்னப் பெட்டி, பணம் வந்துவிட்டது என்று ஒரு பெண் குரலில் அறிவிக்கிறதாம். காசுப் பெட்டியில் நாணயம் விழும் சத்தம் கேட்டு மூன்று நாளாகிறது. “மெஷினுக்கு எதிரா மனு கொடுக்கலாம் அக்கா, சில்லறையும் வாங்கியே ஆகணும்னு கேட்கலாம், நான் எழுதித் தரேன்” என்று நான் ஆரம்பித்தேன். அவர் என்னைத் தடுக்கவில்லை, கேட்கவும் இல்லை. தன் வலது உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “அவ பேசிகினே கீறா, நான் சொம்மா குந்திகினு கீறேன், என் கையாண்ட வர்றதுக்கு யாருக்கும் வேலையே இல்ல இப்ப.”

நான் செய்த காரியம்

கண்காட்சிக்கு ஒரு வாரம் முன்பு, விளிம்பில் துணி வைத்துத் தைப்பதற்காக எஸ்தர் அக்கா அட்டைகளை எங்கள் கடையில் விட்டுப்போனார். காலித் துளை காலியாகவே இருந்தது. கடையில் நான் உட்காரும் இடத்திலிருந்து கை நீட்டினால் எட்டும் இழுப்பறையில், தாள் உறைக்குள், அதே தண்ணீர் நாணயம் ஐந்தாறு கிடக்கிறது. அப்படியொன்றும் கிடைக்காத பொருள் இல்லை அது. பஸ் ஸ்டாண்டிலிருந்து எங்கள் மாடிக்கு நானூறு அடி இருக்குமா?

சக சேகரிப்பாளர்களே, வாதம் தெரிந்தவளுக்குத் தன் மனசாட்சியைச் சமாளிப்பது எவ்வளவு சுலபம் தெரியுமா? நானே எனக்கு எதிர்க்கட்சியாக நின்று, நானே என்னைத் தோற்கடித்தேன். ரயில்வே வந்தது, உச்ச நீதிமன்றம் வந்தது. இது வராமல் போனது அவர் குற்றமா? விதியை எழுதியவள் நான், அதன் நோக்கம் எனக்குத் தெரியாதா? உறைகளைக் கொட்டி, பளபளப்பானவற்றை ஒதுக்கி, ஊரெல்லாம் சுற்றித் தேய்ந்த ஒன்றாகப் பொறுக்கினேன். அதன் விலையை என் பணத்திலிருந்து கல்லாவில் போட்டேன். துளையில் பொருத்திப் பின்னால் டேப் ஒட்டினேன். எஸ்தர் அக்கா கேட்டால் சொல்ல ஒரு கதையும் தயார். யாரோ ஒரு பெரியவர் படியேறி வந்து, அவசரத்தில் அந்த அம்மாவிடம் கொடுக்க மறந்துவிட்டேன் என்று கொடுத்துவிட்டுப் போனார்.

நிமிர்ந்தபோது ஜெயசீலன் சார் எதிரில் நின்றிருந்தார். அட்டையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்: “நான் பார்க்கலம்மா, அந்தம்மா பார்ப்பாங்க.”

குளிக்காத காசு

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அட்டைகளைச் சுற்றி எடுத்துப்போகக் கட்டம் போட்ட துண்டோடு வந்தார் எஸ்தர் அக்கா. விளிம்பில் துணி தைத்த அழகைப் பார்த்து, “ஷோக்கா கீது” என்றார். முதல் அட்டையில் விரலை வைத்து ஒவ்வொரு நாணயமாகத் தொட்டுக்கொண்டே வந்தார். இரண்டாவது அட்டையின் கடைசியில் விரல் நின்றது.

நான் கதையைத் தொடங்கினேன். பெரியவர் படியேறும் இடம்வரை வந்துவிட்டேன். அவர் அட்டையைத் திருப்பி, டேப்பை நகத்தால் கிளப்பி, நாணயத்தை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். வெளுத்த நாணயங்களின் நடுவே அது ஒன்றுதான் பழுப்பாக இருந்தது. கழுவாதே, தேய்க்காதே என்று இரண்டு வருடம் பழகிய என் கண்ணுக்கு, பொருத்தும்போது அது உறுத்தவே இல்லை. “இது குளிக்கல” என்றார். மெதுவாக, குழந்தையைப் பற்றிச் சொல்வதுபோல. பிறகு, “நீ வெச்சியா?” என்று கேட்டார்.

ஆமாம் என்று சொல்லி நிறுத்தியிருக்கலாம். எனக்குத்தான் நிறுத்தத் தெரியாதே. “நல்ல காசுதான் அக்கா. யாரோ ஒருத்தர் கையிலேர்ந்துதானே வரணும்? அந்த ஒருத்தர் நானா இருந்தா என்ன? நான் உங்ககிட்ட வந்து குடுத்ததா வச்சுக்கங்களேன்!” அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நான் பதில் பேசியிருப்பேன். நாணயத்தைக் கண்ணாடி மேசையில் என் பக்கமாக நகர்த்தி வைத்தார்: “குடுத்திருக்கலாம் கண்ணு, ரெண்டு வருசமா டெய்லி அந்தாண்டதான் போற, ஒரு தபாகூட உள்ள வரலியே.”

முழுமை, குறை

அவர் சொன்னது உண்மை. கல்லூரியிலிருந்து கடைக்கும், கடையிலிருந்து கீழ்க்கட்டளை பஸ்ஸுக்கும் அந்த வாசலைத் தாண்டித்தான் போவேன். மூன்று மணிக்கு மேல் தண்ணீர் குடிக்க மாட்டேன். வீட்டுக்குப் போகும்வரை அடக்கிக்கொள்வேன். பெண்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஆனால் அந்த இடம் நாறும் என்று நான் எப்போது முடிவு செய்தேன்? யாரிடம் கேட்டேன்? அங்கே தண்ணீர் வருகிறதா, தாழ்ப்பாள் சரியாக இருக்கிறதா என்றுகூடப் பார்க்காமல், ஒரு வரலாற்று மாணவி, ஆதாரமில்லாமல் முடிவு செய்திருந்தாள். செயலாளராவது தொட்டுவிட்டுக் கை துடைத்தார். நான் அந்த வாசலைத் தொடவே இல்லை.

கண்காட்சி அஸ்தினாபுரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. பிரிக்காத பெட்டி நடு மேசையில் பிரிக்காமலே இருந்தது, ‘முழுமை’ என்ற அட்டையோடு. கணக்கு வாத்தியாரின் நான்கு ஊர் ஆல்பம் அதற்குப் பக்கத்தில். எஸ்தர் அக்காவுக்குக் கொடுத்தது சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகும் வழியில், கை கழுவும் இடத்தை ஒட்டிய மேசை. வேறு சமயமாக இருந்தால் இதற்காகவே ஒரு சண்டை போட்டிருப்பேன். ஆனால் பதினோரு மணிக்கெல்லாம் அந்த மேசையில்தான் கூட்டம். யாரும் நாணயத்தைப் பார்க்கவில்லை; குனிந்து அதன் கீழே இருந்த வரிகளைப் படித்தார்கள். எங்கே கிடைத்தவை என்று அட்டையில் தெளிவாக எழுதியிருந்தும் ஒருவரும் நகரவில்லை. “யாருங்க அந்த அழுதுகிட்டு வந்த பொண்ணு?” என்று ஒரு அம்மா கேட்டார். “தெர்லமா. உள்ள போயி நல்லா அழுதுட்டு மூஞ்சி கழுவிகினு போச்சு” என்றார் எஸ்தர் அக்கா. ஒரு சேகரிப்பாளர் காலித் துளையைப் பார்த்துவிட்டு, தன்னிடம் அந்த நாணயம் இரண்டு இருப்பதாகவும் ஒன்றை இப்போதே தருவதாகவும் சொன்னார். “இங்க வாணாம் சார். அங்க வாங்க. அவசரமா வாங்க” என்றார் எஸ்தர் அக்கா. கூட்டம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

செயலாளர் வெற்று அட்டையும் பேனாவுமாக வந்தார். அவரும் குனிந்து படித்தார். எல்லா அட்டைகளையும் படித்தார். இந்தமுறை விரலை வைத்தே படித்தார். பிறகு காலித் துளையில் பார்வை நிற்க, சங்கடத்தோடு என்னைப் பார்த்தார், நான் ஆரம்பிப்பேன் என்று. “விதிப்படி முழுமைன்னு எழுத முடியாதும்மா. குறைன்னு எழுத எனக்கு மனசு வரல” என்றார். வாய்வரை வந்த பதினொரு காரணங்களை விழுங்கிவிட்டு, நான் எஸ்தர் அக்காவைப் பார்த்தேன். அவர் துண்டால் மேசை விளிம்பைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “ரெண்டும் வாணாம் சார், ‘வந்துகினு கீது’ன்னு போடு.”

வரிசை

செயலாளர் அதை ஓர் எழுத்தும் மாற்றாமல் எழுதி, கழக முத்திரையும் குத்தினார். சான்றிதழ் கிடைக்கவில்லை. அந்த அட்டையை எஸ்தர் அக்கா பையில் பத்திரப்படுத்திக்கொண்டார். திங்கட்கிழமை அவர் வழக்கம்போல வேலைக்குப் போயிருப்பார் என்று எனக்குத் தெரியும்.

அன்று கல்லூரியில் மூன்று மணிக்கு மேலும் தண்ணீர் குடித்தேன். பஸ் ஸ்டாண்டுக்கு வந்தபோது உண்மையிலேயே அவசரம். சாலையைக் கடந்து, இரண்டு வருடமாகத் தாண்டிப்போன வாசலில் நின்றேன். சிமென்ட் தரை ஈரமாக இருந்தது. பினாயில் வாசனை. மூலையில் மக்கும் பல்பொடி டப்பாவும். நான் கற்பனை செய்து வைத்திருந்த எதுவும் அங்கே இல்லை. இழுப்பறையில் கிடக்கும் தண்ணீர் நாணயத்தை நான் எடுத்துவரவில்லை. எடுத்து வந்திருந்தால் அது இன்னொரு கதை சொன்ன மாதிரி ஆகியிருக்கும். போனையும் நீட்டவில்லை. பர்ஸில் எது கையில் அகப்பட்டதோ அதை, இரண்டு இரண்டு ரூபாயும் ஒரு ரூபாயும், அவர் உள்ளங்கையில் வைத்தேன்.

எஸ்தர் அக்கா என்னைப் பார்க்கவில்லை. முதலில் காசைப் பார்த்தார். ஒவ்வொன்றாகத் திருப்பி, இரண்டு பக்கமும். எல்லாம் சாதாரணக் காசு. பெட்டியில் போட்டார், சத்தம் கேட்டது. அவர் ஏதாவது சொல்லுவார் என்று, ஒரு சிரிப்பாவது வரும் என்று, நான் நகராமல் நின்றேன். அப்போதுதான் தலையை நிமிர்த்தினார்: “இன்னா பாத்துகினு நிக்கிற, சீக்கிரம் போய்ட்டு வா, பின்னாடி ஆளு நிக்குது.”

முழுமை எது என்று இரண்டு வருடம் ஊரோடு வாதாடிய எனக்கு, ஒருநாள்கூட விடுபடாமல், ஓர் இடம்கூடக் காலியில்லாமல் சேர்ந்த தொகுப்பு என்று சீட்டு எழுதி ஒட்ட ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது: அந்த மேசையைப் பார்க்காததுபோல் நான் கடந்துபோன நாட்கள்.